நீ தூக்கிய மண்கூடை

அக்கா,

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் நாற்று ஏற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வாய்க்காலுக்குக் கொண்டுபோனார். முடி முடியாகக் கட்டி அடுக்கிய நாற்றிலிருந்து சேறும் வேரும் கலந்த பச்சை வாசனை வகுப்புக்குள் வந்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், எந்த இடத்தில் தப்பாகச் சொன்னார்கள் என்றே கவனிக்கவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது.

உனக்கு வாசிக்கத் தெரியாது. நீ இருக்கும்போது நான் கடிதம் எழுதியிருந்தால் அதை வேறொருவர் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். உன் சங்கதியை இன்னொருவர் வாயால் கேட்க நீ சம்மதித்திருக்கவே மாட்டாய். இப்போது அந்தச் சிக்கல் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் இதே நடுகைக் காலம்தான். புரட்டாசி பிறந்த கொஞ்ச நாளில் விஷக்காய்ச்சல் நம் ஊருக்கு வந்தது. சீவலப்பேரியில் ஆறுகள் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வாய்க்காலும் வயலுமாக இருக்கிற சின்ன ஊர். அங்கே வந்துபோக யாருக்கும் பெரிய காரியம் கிடையாது. இருந்தும் வந்தது. ரயிலோடு வந்தது என்றார்கள், பட்டாளத்திலிருந்து திரும்பினவர்கள் கொண்டுவந்தது என்றார்கள். மேலத்தெருவிலும் வந்தது, வாய்க்காலுக்குக் கீழே உங்கள் குடியிருப்பிலும் வந்தது. சிலர் எழுந்தார்கள். சிலர் எழவில்லை. எழுந்தவர்களுக்கும் வெகுநாள் வரை கால் தரையில் ஊன்றவில்லை. உன் வீட்டுக்காரர் எழாதவர்களில் ஒருவர். நீயும் உன் மகனும் எழுந்தவர்கள். அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனபோது நீ பாயில் பிரக்ஞையில்லாமல் கிடந்தாய் என்று பிறகு உன் அடுத்த வீட்டு மாடத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தைச் சாத்த உத்தரவு வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. சர்க்கார் கஞ்சித்தொட்டி வைக்கப்போகிறது. ரெவினியூ ஆட்கள் பாதிப்பேர் படுக்கையில் கிடக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த உபாத்தியாயினி என்பதால் நான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருதமரத்தடியில் பனையோலைக் கொட்டகை போட்டார்கள். பெரிய அண்டா ஒன்றும் அரிசி மூட்டைகளும் வண்டியில் வந்து இறங்கின. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் காணம் என்கிற கொள்ளில் அரைத்த துவையல். வீட்டில் சம்பாதிக்க ஆளில்லாதவர்களுக்கு மட்டும்தான் கஞ்சி. பாத்திரத்தோடு அவரவரே நேரில் வர வேண்டும். மேலத்தெருவில் நொடித்துப்போன சில குடும்பங்களுக்கு மட்டும், வெளியே வரக் கூச்சப்படுவார்கள் என்று, அரிசியாகவே வீட்டுக்குப் போனது. சட்டத்திலேயே அதற்கு இடமிருந்தது.

நீ முதல்முதலாகக் கொட்டகைக்கு வந்தது உனக்காக அல்ல. அடுத்த வீட்டு மாடத்தியின் சட்டியைக் கொண்டுவந்தாய். அவள் கைக்குழந்தைக்காரி, எழுந்து நடக்க முடியாமல் இருந்தாள். அவரவர் நேரில் வர வேண்டும் என்ற விதியைச் சொன்னேன். நடக்க முடிந்தால் அவள் ஏன் கஞ்சிக்கு வருகிறாள் என்று கேட்டாய். சட்டியை வாங்கி ஊற்றினேன். மறுநாள் உன் இடுப்பில் ஒரு சட்டி, தலையில் ஒரு சட்டி, கையில் ஒரு தூக்கு. அதிலும் உன்னுடையது இல்லை.

உனக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"எனக்குக் கையும் காலும் இருக்கு, வாத்திச்சியம்மா" என்றாய்.

அந்தக் கையும் காலும் எப்படி இருந்தன என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொட்டகையிலிருந்து வாய்க்கால் பாலம் வரை போவதற்குள் சட்டியை இறக்கி வைத்து நின்றாய். யாராவது வந்தால், ஓலை வேலியைச் சரிசெய்கிறவள்போல அதில் கையை வைத்துக்கொண்டாய். உன் மேல் எனக்கு இரக்கம் வந்ததைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. ஊரே வரிசையில் நிற்கும்போது இவளுக்கு மட்டும் என்ன என்று நினைத்தேன்.

கடைசியில் ஒருநாள் கூட்டமெல்லாம் கலைந்தபிறகு வந்தாய். மகனுக்கென்று கேட்டாய். அவன் பங்கை ஊற்றிவிட்டு, உனக்கும் ஒரு கலயம் ஊற்றி முன்னால் வைத்தேன். கொட்டகைக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாய். நான் அரிசி மூட்டையைத் தைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குடித்து முடித்துக் கலயத்தைக் கழுவி வைத்தாய். மேலத்தெருவுக்கு அரிசியாகப் போகிறதாமே, ஏன் என்று கேட்டாய். கூச்சத்தால் வரமாட்டார்கள் என்று விவரம் சொன்னேன்.

"அவிய கூச்சத்துக்கு அரிசி. எங்க கூச்சத்துக்கு என்ன தருவிய?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விலை விசாரிக்கிறவள்போலக் கேட்டாய்.

ஐப்பசி பாதிக்குமேல் ஆயிற்று. பிசானப் போக நடுகைக்கு நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வயலில் தண்ணீர் நிற்கிறது, இறங்க ஆளில்லை. உங்கள் தெருப் பெண்களை நடுகைக்கு அழைத்துப் போகிறவள் நீதான். நீ இறங்கினால் மற்றவர்கள் இறங்குவார்கள். பண்ணையாரின் காரியஸ்தர் உன் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தார். பெண்களுக்கு நிற்க முடியவில்லை, இன்னும் கொஞ்சநாள் போகட்டும் என்று நீ சொன்னாய். உட்கார்ந்த இடத்தில் கஞ்சி கிடைக்கும்போது எவள் சேற்றில் இறங்குவாள் என்று பண்ணையார் மேலே எழுதிப்போட்டார். பண்ணைவீட்டிலும் காய்ச்சலில் ஒரு மருமகள் போயிருந்தாள். அவரும் துக்கத்தில் இருந்தவர்தான். ஆனால் நாற்று காத்திருக்காதே.

பாளையங்கோட்டையில் முகாம் போட்டிருந்த நிவாரண அதிகாரி குதிரைவண்டியில் வந்தார். அவரைக் கொடுமைக்காரர் என்று நான் எழுதமாட்டேன். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னார். பிறகு, உடம்பில் சக்தி இருப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்ற விதியில் இடமில்லை என்றார். சக்தி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. வாய்க்கால் கரையில் வெட்டிப்போட்டிருந்த மண்ணை ஒரு கூடையில் அள்ளச் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு மடை வரைக்கும் நடக்கிறவர் வேலைக்குப் போகலாம். முடியாதவர் கஞ்சி குடிக்கலாம்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்திருப்பார்கள். கூடையைத் தொட்டுவிட்டு, முடியவில்லை என்று விட்டுவிட்டால் போதும். அது பொய்யும் இல்லை.

அப்போதுதான் காரியஸ்தர் உன்னைக் காட்டினார். "இவதான் எங்க நடுகைக்கு முதல் ஆள், ஐயா. மத்தவளுகளையும் இவதான் பிடிச்சு வச்சிருக்கா. கஞ்சி ருசி கண்டுட்டு ஏமாத்துதா."

நீ எங்கேயோ பின்னால் நின்றாய். வழிவிடச் சொல்லிக் கேட்கவில்லை, அவர்களே விலகினார்கள். முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்தாய், குனிந்தாய், கூடையை எடுத்துத் தலையில் ஏற்றினாய். மடை வரைக்கும் நடந்தாய். வேகமாகக்கூட நடந்தாய். அங்கே மண்ணைக் கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடு திரும்பி வந்து அதிகாரியின் முன்னால் வைத்தாய். உன் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. முதல் ஆளே தூக்கிவிட்டாள், மற்றவர்களைச் சோதிக்க வேண்டியதில்லை என்றார். கிழவர்கள், ஊனமானவர்கள், குழந்தைகள் தவிர மற்றவர்களுக்கு மறுநாளிலிருந்து கஞ்சி நின்றது.

வண்டி போனபிறகு உன்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெண்கள் காலிச் சட்டிகளை எடுத்துக்கொண்டு உன்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் போகிற போக்கில், உனக்குப் பெலம் இருந்தா நீ மட்டும் தூக்க வேண்டியதுதானே, எங்களையும் ஏன் தூக்கிப்போட்டாய் என்றாள். மாடத்தி அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உனக்கு அவள் துணையா, அவளுக்கு நீ துணையா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய், உதடு வெளுத்திருந்தது.

"ஏமாத்துதேன்னு சொன்னாரு, வாத்திச்சியம்மா. கை தன்னால போயிருச்சு."

மறுநாள் எல்லோரும் நடுகைக்குப் போனீர்கள். வேறு வழி இருக்கவில்லை. சேற்றில் குனிந்து நிற்பது நல்ல உடம்புக்கே பாடு. வெயில் ஏறுவதற்குள் சிலர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். நீ உன் பங்கையும் நட்டு, உட்கார்ந்தவர்கள் பங்கையும் நட்டாய் என்று கேள்விப்பட்டேன். மாடத்திக்கு அன்று பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் திரும்பிவிட்டது. இருமலில் ரத்தம் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். அவள் குழந்தையை அவள் தங்கை வந்து தூக்கிக்கொண்டு களக்காட்டுக்குப் போனாள்.

மாடத்தியை எடுத்த மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாய். பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும், அந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும், தனியாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், கூட வர முடியுமா என்று கேட்டாய். எதற்கு என்று கேட்டதற்கு, "சொன்னதைத் திருப்பி வாங்கணும்" என்றாய். நீ ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். தூக்கினதும் சொன்ன மாதிரிதானே என்றாய்.

ஆற்றங்கரை வழியாகப் போனோம். நீ முன்னால் நடந்தாய். உட்கார்ந்து போகலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம், உங்களுக்கு வேணும்னா உக்காருங்க என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் நீ உட்கார்ந்துவிடுவாய். வழியில் ஒரு புளியமரத்தடியில்தான் உன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினாய். அவருக்குக் கோபமே வராதாம். யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவாராம். எனக்கும் சேர்த்து அவர் பொறுத்துக்கொண்டார், இனிமேல் நான்தான் பொறுத்துப் பழக வேண்டும் என்றாய். அழவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பொரியில் பாதியை எனக்குக் கொடுத்தாய்.

அதிகாரி சத்திரத்துத் தாழ்வாரத்தில், கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். போன தடவை பார்த்ததைவிட ஆள் பாதியாக இருந்தார். நான் படியில் நின்றேன். உன்னை முற்றத்திலேயே நிற்கச் சொன்னார்கள். கூடை தூக்கினவள் அல்லவா என்று அவரே அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆமா, ஐயா. அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். அன்னைக்கு நான் தூக்கினது பெலத்துல இல்ல, வீம்புல. அதை வச்சு மத்தவளுகளுக்கு நிப்பாட்டாதிய."

தாழ்வாரத்தில் குமாஸ்தாக்கள் இருந்தார்கள், சேவகர்கள் இருந்தார்கள், வேறு ஊர்களிலிருந்து வந்த மனுதாரர்கள் இருந்தார்கள். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கலயம் கஞ்சியைக்கூட ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து குடித்தவள் நீ.

மாடத்தி செத்ததைச் சொன்னாய். இன்னும் யார் யார் வரப்பில் விழுந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாய். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இருமல் வந்து, அது அடங்கும் வரை நாமும் காத்திருந்தோம். பிறகு, உனக்கு உண்மையிலேயே பெலம் இல்லை என்று நான் எப்படி நம்புவது, இன்னொரு தடவை தூக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"சொன்னா தூக்கிருவேன், ஐயா. அதனால சொல்லாதிய."

அவர் சிரிக்கவில்லை. கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு நடுகை முடியும்வரை கஞ்சி உண்டு. கூடைச் சோதனை வேண்டாம். டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்துச் சொன்னால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் வரப்புக்கே கஞ்சி கொண்டுபோகலாம். அதைக் கேட்டபோது என் வாயில் ஸ்தோத்திரம் வந்தது.

ஆனால் உனக்குக் கிடையாது. நான் கேட்டேன். இவளும் காய்ச்சலில் கிடந்தவள்தான், வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவள் என்று சொன்னேன். சக்தி உள்ளவள் என்று இவள் விஷயத்தில் என் கண்ணால் பார்த்து மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது, அதை நானே பொய் என்று எப்படி எழுதுவேன் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது சங்கடமாக இருந்தது தெரிந்தது. ஆனாலும் எழுதவில்லை.

வெளியே வந்து சத்திரத்துப் படியில் உட்கார்ந்து நீ சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கோபமாக வந்தது. நீயோ, அவர் சொல்வதும் சரிதான், பார்த்ததைத்தானே எழுத முடியும் என்று சொல்லிக்கொண்டே சேலையை உதறிக்கொண்டு எழுந்தாய்.

அண்டா மறுபடியும் அடுப்பேறியது. பண்ணையாருக்கு அதில் லாபம்தான். சர்க்கார் கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் வயலில் நட்டார்கள். அதை உன்னிடம் சொன்னேன். யார் லாபமா இருந்தாலும் வயித்துக்குள்ள போகுதுல்லா என்றாய். நீ மட்டும் உன் மகனைக் கொட்டகைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றாய். உள்ளே வா, யார் கேட்கப் போகிறார்கள் என்று கூப்பிட்டேன். உத்தரவில் நான் இல்லையே என்றாய். அப்படியே விட்டிருந்தால் நீ நின்ற இடத்திலேயே விழுந்திருப்பாய். அண்டா கழுவ ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, அடிக்கஞ்சி கழுவுகிறவளுக்கு என்று சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் இருந்ததா என்று நீ கேட்கவில்லை. மத்தியானம் நடுகை முடிந்து, காலில் சேறு காய்வதற்கு முன்னால் வந்துவிடுவாய். சாம்பலும் ஆற்றுமணலும் போட்டு நீ தேய்த்த அண்டாவில் மருதமரத்து இலைகள் தெரிந்தன. அடிக்கஞ்சி கொஞ்சம் தாராளமாகவே மீதியாகும்படி நான் பார்த்துக்கொண்டேன். அது உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பெண்கள் மெல்ல மெல்ல உன்னோடு பேச ஆரம்பித்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் நடுகை முடிந்தது, கொட்டகையைப் பிரித்தார்கள், பள்ளிக்கூடம் திறந்தது. தை மாசம் ஒருநாள் நீ பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தாய். முகத்தில் சதை பிடித்திருந்தது. பங்குனியில் எனக்குச் சேரன்மகாதேவிக்கு மாற்றலாயிற்று. சித்திரைக் கடைசியில் ஆற்றோர ஊர்களில் வாந்திபேதி வந்தது. உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று வைகாசியில்தான் எனக்குச் செய்தி கிடைத்தது. அந்த ஊரிலிருந்து பனையோலைப் பெட்டி விற்க வந்த ஒரு பெண், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் சொன்னாள். உன் மகனைப் பண்ணையில் மாடு பார்க்க வைத்துக்கொண்டார்களாம். நான் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டேன். அவள் போனபிறகு சாயங்கால வகுப்பை நடத்தினேன்.

உன் வீம்பு சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நீ அன்று கூடையைக் கீழேயே விட்டிருந்தால் மாடத்தி பிழைத்திருக்கலாம். உன்னைத் தூக்கவைத்த அந்தச் சொல்லைக் காரியஸ்தர் சும்மா சொல்லவில்லை என்றும் தெரிகிறது. இதை நான் பலதடவை யோசித்து, பாதியிலேயே விட்டிருக்கிறேன்.

இங்கே காய்ச்சலில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அரிசியும் துணியும் கொடுக்கிறார்கள். பிள்ளையை வைத்திருக்கும் சொந்தக்காரர் வந்து கேட்க வேண்டும். அவர் உழைத்துச் சாப்பிடக்கூடியவரா என்று விசாரித்துச் சொல்வது என் பொறுப்பு. முன்பு இருந்தவர் பள்ளிக்கூடத்து முற்றத்தில், எல்லோர் முன்னாலும் வைத்து விசாரிப்பாராம். நான் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்து வைக்கிறேன். நேரமாகிறது என்று வெளியே முணுமுணுக்கிறார்கள்.

நேற்று ஒருவர் வந்தார். செத்துப்போன அண்ணன் மகளை வைத்துக் காப்பாற்றுகிறவர். நிமிர்ந்த முதுகு, அகலமான தோள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மரம் அறுக்கிறேன், பொதி தூக்குகிறேன், எந்த வேலை ஆனாலும் செய்கிறேன் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். அதையெல்லாம் நான் குறித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பைய உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன்.